செட்டிநாட்டு வீட்டில் மூன்று இரவு: கொடுத்த காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தகும். ஆனால் எல்லோருக்கும் தகாது, எல்லா நாளும் தகாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போவதற்கு முன்னால் நான் தேடித் தேடிப் படித்ததில் கிடைத்தவை தூண்களின் படங்களும் ‘மறக்க முடியாத அனுபவம்’ என்ற ஒற்றை வரியும்தான். குளியலறைப் படி எவ்வளவு உயரம், ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தைக்குப் பசித்தால் என்ன கிடைக்கும், முழங்கால் வலி இருக்கிற அம்மாவை அழைத்துப் போகலாமா, இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை.

போன தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு போனோம். நான், என் கணவர், பத்து வயது மகள், எழுபதைத் தொடப்போகிற என் அம்மா, ஆக நான்கு பேர். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். வீட்டின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன ஏற்பாடு அது, குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். அந்த வட்டாரத்தில் இப்படித் தங்கக் கொடுக்கிற பழைய வீடுகள் நிறைய உண்டு, முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

சென்னை எழும்பூரில் மதியத்துக்கு மேல் பல்லவன் ரயிலில் ஏறி இரவு காரைக்குடியில் இறங்கினோம். வீட்டிலிருந்தே கார் வந்திருந்தது, 700 ரூபாய். அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 5,500, காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். மதியம் இலைச் சாப்பாடு ஆளுக்கு 650, இரவுச் சாப்பாடு 400. இரண்டு அறை எடுத்தோம். ஒரு நாள் சுற்றிப் பார்க்க எடுத்த காரையும் சேர்த்து, ரயில் கட்டணம் நீங்கலாக, 45,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது யோசித்துச் செலவு செய்ய வேண்டிய தொகை, அதனால்தான் தலைப்பில் அந்தக் கேள்வி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே இருட்டாக இருந்தது. இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி வீடுகள், பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. நாங்கள் தங்கிய வீட்டில் மட்டும் திண்ணை மாடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. காவல்கார அண்ணன் எழுந்து வந்து, “வாங்க, நேரமாயிருச்சேன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது நடுமுற்றமுள்ள முதல் கட்டுக்குள், கால் வைத்ததும் என் மகள் செருப்பைக் கழற்றிய காலோடு அப்படியே நின்றுவிட்டாள். தரை அவ்வளவு குளிர்ச்சி. தலைக்கு மேல் சதுரமாக வானம், அதில் நட்சத்திரம். யாரும் எதுவும் சொல்லாமலே அவள் பட்டாலை என்கிற கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்க்க ஆரம்பித்தாள், எழுப்பி அறைக்குக் கூட்டிப் போகக் கால் மணி நேரம் ஆயிற்று.

காலையில்தான் வீட்டின் நீளம் புரிந்தது. முன்வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று கதவுக்குப் பின் கதவாக நேர்கோட்டில் போய், கடைசியில் பின்வாசல் வெளிச்சம் தபால்தலை அளவுக்குத் தெரிகிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு ஆண்கள் அமர்ந்து வியாபாரம் பேசிய இடம், வளவைச் சுற்றிலும் மகன்களுக்கான அறைகள், பின்கட்டுகள் சமையலுக்கும் பெண்களின் புழக்கத்துக்கும். ஓட்டுக் கூரை நான்கு பக்கத்திலிருந்தும் வளவை நோக்கிச் சரிகிறது, மழை பெய்தால் தண்ணீர் முழுக்க முற்றத்தில் இறங்கும், அதைப் பிடிக்க அண்டாக்கள் வைப்பார்களாம். தண்ணீர் அருமையாகக் கிடைக்கிற அந்தச் சீமையில் கூரையையே ஏந்தல் மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தவர்கள் வீட்டுக்குள்ளும் அதே நினைப்போடுதான் இருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது வழிகாட்டி இல்லை, அந்த வீட்டு ஆச்சி. வருஷத்தில் பாதி நாள் சென்னையில் மகனோடு, மீதி நாள் இங்கே. நாங்கள் போன சமயம் இங்கே இருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அவருக்குத்தான் சேரும்.

முதல் நாள் காபி குடித்துக்கொண்டே அம்மா ஆச்சியிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: “இத்தனை பேர் இருந்த வீட்டுல சமையல் எப்படி ஆச்சி சமாளிச்சீங்க?” ஆச்சி சிரித்துவிட்டு எங்களை மூன்றாம் கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரே வரிசையில் பல அடுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு. கல்யாணமான ஒரு ஜோடியை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஒரு புள்ளி என்று கணக்கு வைக்கிறார்கள், கோயில் வரிகூட அந்தப் புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம். வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வீட்டில், அதே கூரையின் கீழ், தனி அடுப்பு, தனிச் சமையல். அரிசி, பருப்பு, பாத்திரம் என்று வருஷச் சாமானை மாமியாரே எண்ணிக் கொடுத்துவிடுவார், அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“எனக்குக் கல்யாணமாகி ஏழாம் மாசம் வேறு வச்சாக. எங்க மாமியா அடுப்பு அது, என் அடுப்பு இது. பத்தடி தூரந்தான். நான் முத நாள் கொழம்பு வச்சது அவுகளுக்கு வாசத்துலயே தெரிஞ்சுபோச்சு, புளி கூடன்னு அங்கிருந்தே சொன்னாக.”

என் அம்மா கூட்டுக் குடும்பத்தில் இருபது வருஷம் ஒரே அடுப்பில் பத்துப் பேருக்குச் சமைத்தவர். அந்த அடுப்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். “பத்தடி தள்ளி ஒரு அடுப்பு எனக்கும் குடுத்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். நான் அம்மாவிடம் இத்தனை வருஷத்தில் கேட்காத பேச்சு அது. ஆச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தார். இரண்டு பேரும் மதியம் வரை அங்கிருந்து நகரவில்லை.

வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்குத் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. ஒரு தூணைத் தொட்டு, “இது பர்மாத் தேக்கு, கப்பல்ல வந்தது” என்கிறார். இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, அதற்குப் பக்கத்திலேயே உள்ளூர்த் தச்சர் செதுக்கிய கஜலட்சுமி நிலை. சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார், பளிங்கு மாதிரி வழவழப்பு, சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பல பூச்சாகத் தேய்த்ததாம். கொண்டுவிக்கப் போன ஆண்கள், அதாவது வட்டிக்கடை நடத்த ரங்கூனுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்கள், வருஷக்கணக்கில் வீட்டுக்கு வராமல் சம்பாதித்து அனுப்பியதில் எழுந்த சுவர்கள் இவை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள், அப்புறம் அந்தச் சொத்து திரும்பவே இல்லை. அந்தக் கதையை ஆச்சி அழுகையோடும் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை. “அங்க போனது போச்சு, வீடு நின்னுச்சு” என்றார், அவ்வளவுதான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பாதிப் பேர் இதற்காகத்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

செட்டிநாடு என்று பலகை வைத்த கடைகளில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே முதல் இலையில் கொஞ்சம் குழப்பம் வரும். எரிச்சல் இல்லை. எண்ணெய் மிதக்கவில்லை. சிவப்பாகவே இல்லை. கோழிக் குழம்பில் மிளகும் சோம்பும் தனித்தனியாகத் தெரிந்தன, கல்பாசி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவு அடக்கமாகப் போட்டிருந்தார்கள். உப்புக்கறி அருமை, சின்னச் சின்னத் துண்டாக, வரமிளகாயோடு சின்ன வெங்காயத்தோடு அடிபிடிக்கிற வரை விட்டு இறக்கியது. ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது வெண்டைக்காய் மண்டியைத்தான். அரிசி கழுவின தண்ணீரில் புளியைக் கரைத்து, முழுப் பூண்டும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுச் செய்கிற ஒன்று. கொட்டிவிடுகிற தண்ணீரில் இவ்வளவு கெட்டியான, இவ்வளவு நிதானமான ஒரு ருசி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கோடீஸ்வர வீட்டில் அரிசி கழுவின தண்ணீரையும் வீணாக்காமல் பதார்த்தம் செய்திருக்கிறார்கள் என்பதை, மாடியில் இருந்த பெல்ஜியம் கண்ணாடியை விட அந்த மண்டிதான் எனக்கு நன்றாக விளக்கியது.

காலையில் இட்லியோடு ஒரு நாள் வெள்ளைப் பணியாரம், ஒரு நாள் கந்தரப்பம். சமையல் அக்காவிடம் அளவு கேட்டேன், மறைக்காமல் சொன்னார். ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலை தட்டி நிரப்பி, அதன்மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊற வைத்து நைசாக அரைத்து, புளிக்க விடாமல் உடனே ஊற்ற வேண்டும். ஒரு கரண்டி மாவை எண்ணெயில் ஊற்றினால் அது கொஞ்ச நேரத்தில் தானாக எழும்பி வரும், திருப்பிவிட்டு நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். “செவந்தா அது வெள்ளப் பணியாரம் இல்ல தம்பி” என்று என் கணவரிடம் அவர் சொன்னார், இவர் இரண்டை ஊற்றிப் பார்த்து இரண்டும் சிவந்துவிட்டன. வரமிளகாய்த் துவையல் தொட்டுக்கொள்ள. என் மகள் ஏழு சாப்பிட்டாள். கவுனி அரிசியைக் கடைசியில் கிண்ணத்தில் கொடுத்தார்கள், கறுப்பு அரிசி, வெல்லமில்லாமல் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்தது, அதுவும் பர்மாவிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு அந்தத் தரத்தில் இல்லை. மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னோம், முதல் நாள் இடியாப்பமும் கோசுமல்லியும் சுடச்சுட வந்தன. இரண்டாம் நாள் மதியக் குழம்பையே சூடு பண்ணிக் கொடுத்தார்கள், தோசை ஆறிப்போயிருந்தது. 400 ரூபாய் வாங்குகிற இடத்தில் இது சரியில்லை. எட்டரைக்கு மேல் சமையலறையில் ஆள் இல்லை, பக்கத்தில் கடையும் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்கள் பிஸ்கட், பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைப் பற்றி. கட்டில் உயரம், மெத்தை நன்றாக இருந்தது, துணிகள் சுத்தம், ஏசி இரவு முழுக்கச் சத்தமில்லாமல் ஓடியது. குளியலறை என்பது பழைய அறையின் மூலையில் பிற்பாடு தடுத்துக் கட்டியது, அதற்கு ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, தரை வழவழப்பான புதுக்கல். முதல் நாள் காலையிலேயே அம்மாவுக்குக் கால் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். சொன்னதும் ரப்பர் விரிப்பும் ஒரு முக்காலியும் கொண்டுவந்து போட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் வயதானவர் வருகிறார் என்று முன்பதிவிலேயே நான் சொல்லியிருந்தேன், அது முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும். இது போக வீடு முழுக்க நிலைப்படிகள், கட்டுக்குக் கட்டு ஏறி இறங்க வேண்டும், அது பழைய வீடு, மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. முழங்கால் ரொம்ப மோசமாக இருப்பவர்கள் முகப்பு அறையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, இரண்டாம் நாள் காலையில் நடந்தது. ஆறரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். “இன்னைக்குப் படைப்பு இருக்கு, பங்காளிக எல்லாம் வர்றாக, மதியம் வரைக்கும் வளவுப் பக்கம் வராம பின்கட்டுல இருந்துக்கங்க” என்றார் காவல்கார அண்ணன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காசு கொடுத்துத் தங்குகிற இடத்தில் பாதி வீட்டுக்குள் போகக்கூடாது என்றால்? காலைச் சாப்பாட்டை மூன்றாம் கட்டில் கொடுத்தார்கள். பின்வாசல் வழியாகத்தான் காருக்குப் போக முடிந்தது.

படைப்பு என்பது நகரத்தார் வீடுகளில் முன்னோர்களுக்குச் செய்கிற வழிபாடு. ஒரு வழியில் வந்த பங்காளிகள் எங்கெங்கோ இருந்தாலும் அன்றைக்கு ஒன்றாகக் கூடுவார்கள், சேலையும் வேட்டியும் உணவும் வைத்து முன்னோர் பெயர் சொல்லிக் கும்பிடுவார்கள். அது அவர்களுக்குள் நடப்பது, வெளியாள் பார்ப்பதற்கு இல்லை. நாங்கள் பின்கட்டிலிருந்து பார்த்தது இவ்வளவுதான்: சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கார்கள், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்கிய பையன்கள் பத்து நிமிஷத்தில் வேட்டியோடு கிணற்றடிக்கு வந்தது, அந்த அடுப்பு வரிசையில் மூன்று அடுப்புகள் எரிந்தது. ஆச்சி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முந்தின நாள் முழுக்க எங்களோடு பேசிக்கொண்டிருந்தவர் அன்று அந்த வீட்டுக்காரராக மட்டும் இருந்தார்.

யோசித்துப் பார்த்தால், நான் காசு கொடுத்ததே இதற்குத்தான். யாரும் கும்பிடாத, யாரும் திரும்பி வராத வீடு என்றால் அது தூண்கள் நிறைந்த ஒரு விடுதி. அந்தக் குடும்பத்துக்கு இந்த வீடு இன்னும் வேண்டியிருக்கிறது, அதனால்தான் திண்ணையில் அகல் எரிகிறது, ஓடு மாற்றுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள். நாங்கள் கொடுக்கிற வாடகை அதற்குப் பயன்படுகிறது என்றால் எனக்குச் சந்தோஷம். ஆனால் தேதி அவர்களுக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும், முன்பதிவு செய்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை ஆச்சியிடமே சொன்னேன், “தப்புதான், சொல்லியிருக்கணும்” என்றார். அன்றைய மதியச் சாப்பாட்டுக் காசில் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள், நாங்கள் கேட்கவில்லை.

அன்று காரில் சுற்றியது. பிள்ளையார்பட்டி, நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று, குடைவரைக்குள் இரண்டே கைகளோடு துதிக்கையை வலப்பக்கம் சுழித்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையார். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. நகரத்தார் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் அவரவர் கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் தாலி கட்டுவார்கள் என்று டிரைவர் தம்பி சொன்னார். திருமயம் கோட்டை, 1687இல் சேதுபதி கட்டியது, மேலே ஏறினால் காற்று, அம்மா கீழே குடைவரைப் பெருமாளோடு இருந்துகொண்டார்.

ஆத்தங்குடியில் மட்டும் இரண்டு மணி நேரம் நின்றோம், அது போதவில்லை. பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், செய்கிற பட்டறை. கண்ணாடித் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, பூவும் கொடியுமாக வளைத்த தகட்டு அச்சை உள்ளே இறக்குகிறார்கள். ஒவ்வொரு கண்ணறைக்கும் ஒரு நிறம், சிமென்ட்டில் கரைத்த சாயத்தைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒரு பெரியவர். சிந்தவே இல்லை. அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் விளிம்பில் மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணுகிறார். சூளை கிடையாது, சுடுவது கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி தானாக விட்டு வருகிறது, அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. பெரியவர் என் மகளின் கையில் கரண்டியைக் கொடுத்து ஒரு இதழை மட்டும் நிரப்பச் சொன்னார். அவள் ஊற்றியது கோடு தாண்டிப் போயிற்று. “இருக்கட்டும் கண்ணு, நடக்க நடக்கப் பளபளப்பு வந்துரும்” என்று அதையும் வரிசையில் வைத்தார். அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டோம், காய வாரக் கணக்கில் ஆகும் என்றார்கள்.

ஆனால் அங்கிருந்து திரும்பும்போது டிரைவர் கேட்காமலே ஒரு சேலைக் கடையில் நிறுத்தினார். கண்டாங்கி, அசல் கைத்தறி என்று எடுத்துப் போட்டார்கள், விலை எனக்குச் சந்தேகமாக இருந்தது, வாங்கவில்லை. மறுநாள் காரைக்குடியில் நெசவாளர்களிடம் நேராக வாங்கிக் கொடுக்கிற ஓர் இடத்தில் அதே மாதிரி கட்டம், அதே பருமன் நூல், 900 ரூபாய் குறைவு. அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது, அகலக் கரை, அம்மாவுக்கு எடுத்தோம். காரில் ஏறும்போதே ‘கடை வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எட்டு மணிக்கெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின படப்பிடிப்புக்கு என்று ஒரு ஜோடியும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் வந்து இறங்கினார்கள். வளவு முழுக்க விளக்கு, புகை போடுகிற இயந்திரம், ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப. தூணுக்குத் தூண் துணி கட்டினார்கள். பட்டாலையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த என் அம்மாவை, “பாட்டிம்மா, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க” என்றான் ஒரு பையன். ஆச்சி அன்று அதிகாலையிலேயே பங்காளிகளோடு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார். முன்பதிவைப் பார்த்துக்கொள்கிற மேலாளர் மட்டும் இருந்தார், ‘அவர்கள் தனியாகக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்’ என்பதுதான் அவருடைய பதில். நாங்களும்தான் கட்டியிருக்கிறோம்.

முந்தின நாளும் எங்களை வளவிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள், அன்றும் ஒதுக்கினார்கள், ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. படைப்புக்காக ஒதுங்கியதில் எனக்கு வருத்தம் தீர்ந்துவிட்டது, இது இன்னும் தீரவில்லை. வீட்டைப் பராமரிக்கப் பணம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன், அதற்காக விருந்தாளிகள் இருக்கிற நாளில் வேண்டாம், வீடு காலியாக இருக்கிற நாளில் கொடுங்கள். இதை எழுத்தில் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன், இனிமேல் தங்குகிறவர்கள் இருக்கும்போது படப்பிடிப்பு இல்லை என்று ஆச்சியின் மகன் பதில் போட்டிருக்கிறார்.

பெட்டிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு (மாலை வரை வைத்துக்கொள்ளக் காசு வாங்கவில்லை) காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழைய சாமான் கடைகள். எனாமல் அடுக்குகள், பித்தளைக் குத்துவிளக்கு, பர்மா அரக்குப் பாத்திரம், ரவிவர்மா சரஸ்வதி, இரும்புப் பெட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு கடையின் பின்பக்கம் போனபோதுதான் நெஞ்சு கனத்தது. தூண்கள் படுத்துக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பில் எண். முழு முகப்புக் கதவு ஒன்று நிலையோடு பெயர்த்து வந்து சாய்த்து வைத்திருந்தது, கஜலட்சுமியின் ஒரு யானைக்குத் துதிக்கை உடைந்திருந்தது. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாட்டில், பழுதுபார்க்க யாரிடமும் பணம் சேராமல் கடைசியில் இடித்து விற்றுவிடுகிறார்கள் என்று கடைக்காரரே சொன்னார். செட்டிநாட்டு ஊர்கள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கதவின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டேன், கடைக்காரருக்குத் தெரியவில்லை.

என் மகள் ஒரு எனாமல் தூக்குவாளி கேட்டாள், நீலம், மூடி கொஞ்சம் உதிர்ந்தது, 350 ரூபாய். வாங்கிக் கொடுத்தேன். வேறு எதுவும் வாங்க மனம் வரவில்லை.

மாலையில் பெட்டி எடுக்கத் திரும்பியபோது ஆச்சி வந்துவிட்டிருந்தார். படப்பிடிப்பு விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது, முகம் வாடியிருந்தது. அம்மாவிடம் ஒரு சின்ன ஓலைக் கொட்டானைக் கொடுத்தார், உள்ளே சீப்புச்சீடையும் மணகோலமும். இரவு ரயிலுக்கு என்று தனியாக இட்லிப் பொட்டலம், மிளகாய்ப்பொடி எண்ணெயில் குழைத்துத் தடவியது. கணக்கில் எழுதவில்லை. “அடுத்த தடவை ஆடியில வாங்க, கும்மாயம் கிண்டித் தாறேன், அடுப்ப பத்த வச்சு நீங்களே கிண்டுங்க” என்று அம்மாவிடம் சொன்னார்.

போகிறவர்களுக்கு: மார்கழி, தை, மாசி நல்லது, சித்திரை வெயிலில் பகலில் வெளியே சுற்ற முடியாது. இரண்டு இரவாவது தங்குங்கள், ஓர் இரவில் தூணைத்தான் பார்ப்பீர்கள். போன் செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: வீட்டு ஆட்கள் யாராவது அந்த நாளில் இருப்பார்களா, குடும்ப விசேஷம் ஏதும் உண்டா, படப்பிடிப்பு ஏதும் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா. முதல் கேள்விக்கு ஆமாம் என்று வந்தால் இரண்டாவதற்கு எந்தப் பதில் வந்தாலும் போங்கள். மூன்றாவதற்கு ஆமாம் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். குளியலறைக்குக் கைப்பிடி இருக்கிறதா என்பதைப் படமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

நாங்கள் ஆடி இரண்டாம் வாரத்துக்கு ஓர் அறை போட்டிருக்கிறோம், இந்த முறை அம்மாவும் நானும் மட்டும். குளியலறையில் கைப்பிடி வைத்துவிட்டோம் என்று போன வாரம் படம் அனுப்பினார்கள்.